படைப்பதற்கு முன் எடுத்து வைத்தது

எங்கள் சபையில் அந்த மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். பக்கத்து வீடு, பக்கத்து வீடு, பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் பாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டுக் கீழே இறங்கிவிடுவார். "வெளிநாட்டுக்கு மிஷனரியா போறதுக்கு எல்லாருக்கும் ஆசை இருக்கு. உங்க வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஆண்டவரைப் பத்திச் சொன்னீங்களா? சொன்னவங்க எழுந்து நில்லுங்க" என்பார். எழுந்து நின்றவர்கள் சாட்சி சொல்வார்கள். நிற்காதவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே பாயைப் பார்ப்போம்.

நான் ஒவ்வொரு வாரமும் பாயைத்தான் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிறு அவர் நேராக என்னிடமே வந்து நின்றுவிட்டார். "சிஸ்டர், நீங்க ஆசிரமத்துப் பக்கம் லாட்ஜ்லதானே ரிசப்ஷன்ல இருக்கீங்க? உலகமே கடவுளைத் தேடிக்கினு உங்க டேபிளுக்கு வருது. நீங்க ரூம் சாவிய குடுத்து அனுப்பிடறீங்க" என்றார். சபையே சிரித்தது. எனக்குக் காது மடல் எரிந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வெளியே வரும்போது வாசல் மேசையில் அடுக்கியிருந்த கைப்பிரதிகளில் ஒன்றை வெடுக்கென்று உருவிக் கைப்பையில் திணித்தேன். அடுத்த ஞாயிறு நிற்கிறேனா இல்லையா பாருங்கள் என்று மனசுக்குள் அவரிடம் சவால் விட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அது நாலு பக்கத் தாள். அட்டையில் ஓர் ஆட்டுக்குட்டியும் பின்னால் ஒரு சூரியனும் இருக்கும். கோபத்தில் எடுத்ததுதான். ஆனால் வெறும் கோபம் என்று சொன்னால் அதுவும் பொய். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. என் உயிரைத் தாங்கிப் பிடித்த ஒன்றை, நான் இவ்வளவு நேசிக்கிற ஒருத்தியிடம் சொல்லாமல் இருக்கிறேனே என்று பல நாள் உறுத்தியிருக்கிறது. என் ஒரே மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து பிழைத்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ஆண்டவரோடு நான் போட்ட சண்டையை யாரிடமும் சொன்னதில்லை. சபையில் கூடச் சொன்னதில்லை. சபையில் சாட்சி என்றால் முதலில் கண்ணீர், அப்புறம் ஜெயம், அப்புறம் அல்லேலூயா. என்னுடையதில் பாதிக்கு மேல் சண்டைதான், அதை எப்படி மைக்கில் சொல்வது?

பக்கத்து வீட்டு அக்கா என்றேன். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்களில் யார் மூத்தவள் என்று இன்று வரைக்கும் இருவருமே வாய் திறக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தைக் கொழுந்தன் பார்த்துக்கொள்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் இங்கே டவுனில் உரக்கடை வைத்திருக்கிறார், அவரை நான் அண்ணா என்பேன். அவருக்கும் சர்க்கரை வியாதி, எனக்கும் சர்க்கரை வியாதி. "ஏம்மா, எங்க சாமிதான் என்னைக் கண்டுக்கல, உங்க சாமியாவது உன்னைக் கண்டுக்கினு இருக்கலாம் இல்ல?" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கிண்டல் செய்வார். செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற எங்கள் சந்தில் ரெண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது அந்தச் சுவர் வழியாகத்தான் ஒரு மாதம் எனக்குக் கஞ்சி வந்தது.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு விநாயகர் சதுர்த்திக்கு அக்கா கொழுக்கட்டை கொண்டுவந்தாள். அந்த நாளில் எனக்கு வாய் இன்னும் நீளம். "தப்பா எடுத்துக்காதீங்க, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிட மாட்டோம், எனக்கு வேணாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. "சரிங்க" என்று தட்டோடு திரும்பிப் போய்விட்டாள். போச்சு, இனிமேல் இந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இருக்காது என்று நினைத்தேன்.

அடுத்து ஆயுத பூஜைக்கு மறுபடி சுவரோரம் வந்து நின்றாள். கையில் தட்டு. "அக்கா, இது படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது. நீங்க சாப்பிடலாம்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்படித்தான். சுண்டலோ வடையோ பாயசமோ, முதலில் எனக்கு ஒரு தட்டு ஒதுங்கும், அப்புறம்தான் சாமி இலைக்குப் போகும். எப்போதாவது மறந்துபோனால், "இந்தத் தடவை எல்லாத்தையும் படைச்சிட்டேன், அதனால உங்களுக்குக் குடுக்கல" என்று அதையும் வந்து சொல்லிவிடுவாள். நானும் கிறிஸ்துமஸ் கேக்கைக் கொடுக்கும்போது அது கடையில் வாங்கியதா, சபையில் ஜெபம் பண்ணிக் கொடுத்ததா என்று அவள் கேட்காமலே சொல்லிவிடுவேன். எங்களுக்குள் அது ஒரு பழக்கமாகிவிட்டது.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் நான் கைப்பிரதி கொண்டுபோவதாக இருந்தேன். பயம் இல்லாமல் இல்லை. கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார்கள் என்று ஆட்கள் வந்து வாசலில் சத்தம் போட்டு, வீட்டு ஓனர் அந்தக் குடும்பத்தை ஒரே வாரத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எங்கள் வீடும் வாடகை வீடுதான். ஆனால் வாடகை வீடு போனால் வேறு வீடு கிடைக்கும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கதவை எனக்குச் சாத்திவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்?

அந்த வாரத்தில்தான் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு முதல் நாளே எங்கள் ஊர் வேறு ஊராகிவிடும். ரோட்டில் தடுப்பு வைத்துவிடுவார்கள், வண்டி எதுவும் உள்ளே வராது. சொந்த வீட்டுக்குப் போவதற்கே போலீஸிடம் ஆதாரைக் காட்ட வேண்டும். கிரிவலப் பாதை முழுக்க ஜனம். ஃபோன் போட்டால் லைன் கிடைக்காது. தீபத்தன்று லாட்ஜில் காலை வேலையை முடித்துக்கொண்டு கூட்டத்தில் நசுங்கி நான் வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கேட்டைத் திறக்கும்போதே அக்கா சுவரோரம் நின்றாள்.

"படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. உங்களுக்குச் சின்னதா பிடிச்சேன், சுகர் இருக்குது இல்ல?" என்று ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினாள். வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை. பாகு இன்னும் சூடாக இருந்தது.

"அண்ணா எங்க?"

"விரதம். காலம்பறலேர்ந்து பச்சத் தண்ணி வாயில படல. டாக்டர் வேணாம்னுதான் சொன்னாரு. கேட்டாத்தானே? சின்ன வயசுலேர்ந்து ஒரு வருஷம் கூட விட்டதில்லையாம். தீபம் பாத்துட்டுத்தான் கை நனைப்பாராம்."

எங்கள் பக்கத்தில் பல வீட்டில் அப்படித்தான். சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாப்பாடு. அதனால் அவள் சொன்னது எனக்கு விசேஷமாகப் படவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. என் புத்தி அந்த நேரத்தில் தட்டின் மேல் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வாழைப்பழம் வைத்துக் கொடுக்கலாம். பழத்துக்கு அடியில் கைப்பிரதியை வைத்துவிடலாம். நான் திரும்பி வந்த பிறகு அவள் தட்டை எடுக்கும்போது பார்த்துக்கொள்வாள். நானும் வாயைத் திறக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எழுந்தும் நிற்கலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். நான் தட்டில் பழத்தை அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "தீபத்தன்னிக்கா? இன்னிக்கு வேணாமே" என்றார்.

"எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாலரை மணி போலத் தட்டோடு போனேன். அக்கா மட்டும் அடுப்படியில் இருப்பாள் என்பது என் கணக்கு. போனால் ஹாலில் கொழுந்தன் நிற்கிறார், அவர் மனைவி விசிறியோடு நிற்கிறாள். ஊரிலிருந்து கூட்டத்துக்கு நடுவில் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாற்காலியில் அண்ணா உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வேலூர் பஸ் போயிடுச்சா? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். அவருடைய கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு அருள் வந்தாப்ல இருக்குது" என்றார் கொழுந்தன். அவர் குரலில் பயமும் இருந்தது, பக்தியும் இருந்தது. "காலம்பறலேர்ந்து மலையையே பாத்துக்கினு இருந்தாரு. இப்ப என்னென்னமோ பேசறாரு. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கினு போயிடலாம். தீபம் பாத்தா சரியாயிடும்."

அந்த வேர்வையை எனக்குத் தெரியும். அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும். போன வருஷம் லாட்ஜ் மேசையிலேயே நான் அப்படி உளறிக்கொண்டு சரிந்து விழுந்திருக்கிறேன்.

"அக்கா! காலைல அண்ணா இன்சுலின் போட்டுக்கினாரா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.

அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடிவந்தாள். டாக்டருக்கு லைன் கிடைக்கவில்லை. "போட்டுக்கினாருங்க. மருந்து என்ன சாப்பாடா, மருந்துக்கெல்லாம் விரதம் கெடாதுன்னு சொல்லித்தான் போட்டுக்கினாரு."

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். ஊசியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பட்டினி. உடம்பிலிருந்த சர்க்கரை அத்தனையும் இறங்கிப்போயிருக்கும். "சக்கரை குடுங்க! உடனே வாயில சக்கரைய போடுங்க!" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த தட்டை டீப்பாயில் வைத்தேன். வைத்த வேகத்தில் தட்டு சரிந்தது. வாழைப்பழம் தரையில் விழுந்தது. கைப்பிரதி வழுக்கிக்கொண்டு போய்க் கொழுந்தனின் காலடியில் நின்றது, ஆட்டுக்குட்டி மேலே தெரிய.

அவர் குனிந்து எடுத்தார். புரட்டினார். முகம் மாறியது.

"இன்னா இது?"

நான் அண்ணாவின் நாற்காலிப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"இதுக்குத்தான் வந்தியா? எங்க அண்ணன் இப்படி உக்காந்துக்கினு இருக்காரு, பழத்துக்கு அடியில இத ஒளிச்சுக் கொண்டாந்திருக்கியா?" அவர் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "இதனாலதான் சக்கரை குடு, சக்கரை குடுன்றியா? தீபத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்குது. எச்சில் கூட முழுங்காம இருக்கறாரு. அவர் விரதத்தைக் கலைச்சுட்டுப் போய் அங்க பெருமையா சொல்லிக்கவா?"

பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் வந்திருந்தேன். அது எனக்கே தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் அண்ணாவின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"அத அப்புறம் பேசுங்க. திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. முதல்ல சக்கரை!"

"வெளிய போம்மா."

"யோவ், செத்துப்போயிடுவாருய்யா!"

நல்ல நாளும் அதுவுமாக, தீபத்தன்று, அந்த வீட்டு நடுக்கூடத்தில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னேன். கொழுந்தனின் மனைவி விசிறியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அத்தோடு போனது. கொழுந்தன் என் தோளைத் தொடாமல், கையை மட்டும் வாசல் பக்கம் நீட்டினார். வாசலில் ஜனம் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. ஒரு ஆட்டோ கூட வராது. இவர்கள் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் சொன்னதால்தான் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஒரு தாளை ஒளித்து வைத்த பாவத்துக்கு ஒரு மனுஷன் என் கண் முன்னாலேயே போய்விடுவாரோ என்று இருந்தது.

அக்கா கொழுந்தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அக்கா, இது உங்க சாமி சொல்லிச் சொல்றீங்களா, இல்ல உங்க உடம்புக்குத் தெரிஞ்சு சொல்றீங்களா?"

"என் உடம்புக்குத் தெரிஞ்சுதாங்க. சத்தியமா என் உடம்புக்குத் தெரிஞ்சுதான்."

அவள் திரும்பி அடுப்படிக்குள் போனாள். சர்க்கரை டப்பாவோடு வந்தாள்.

"அண்ணி!" என்று கொழுந்தன் வழியை மறித்தார். "நாளைக்கு அண்ணன் கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"கேக்கறதுக்கு அவரு இருக்கட்டும். நகரு."

அவர் நகர்ந்தார். அக்கா விரலைத் தண்ணீரில் நனைத்துச் சர்க்கரையில் தோய்த்து, அவர் கன்னத்துக்கு உள்பக்கம் வைத்துத் தேய்த்தாள். "ஊத்தாதீங்க, தேய்ங்க, தேய்ங்க" என்று நான் தூரத்தில் நின்றே சொன்னேன். கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. அவர் அவள் விரலைக் கடித்துவிட்டார், அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி தோய்த்தாள், மறுபடி தேய்த்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் சத்தம் எனக்குக் கேட்டது. ஆண்டவரே, ஆண்டவரே என்று வாயசையாமல் உள்ளுக்குள் கதறினேன். உதடு அசைந்தால் அதையும் ஜெபம் பண்ணுகிறாள் என்று பிடித்துக்கொள்வார்களே என்று பயம். என் சாமியைக் கூப்பிட எனக்கே பயமாகிப்போன நேரம் அது.

எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அண்ணா ஒரு தடவை எச்சில் விழுங்கினார். அப்புறம் கண்ணைத் திறந்தார். அக்கா சர்க்கரைத் தண்ணீரை டம்ளரில் கரைத்து வாயில் வைத்தாள், குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு மனுஷக் களை வந்தது. எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார். இனிப்பு தெரிந்திருக்கும்.

"தீபம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க" என்றாள் அக்கா.

அவர் சின்னக் குழந்தை போல விம்மி அழ ஆரம்பித்தார். உயிர் பிழைத்தது அவருக்குத் தெரியவில்லை, விரதம் போனதுதான் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசல்படி தாண்டும்போது கொழுந்தன் பின்னாலேயே வந்தார். கைப்பிரதியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு யார்கிட்ட குடுக்கணுமோ குடுக்கறேன்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் தீபத்தை அவர்கள் மொட்டை மாடியில்தான் நின்று பார்ப்பேன். அவர்கள் கும்பிடுவார்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து டீ குடிப்போம். அந்த வருஷம் அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு ஊரே ஒரே குரலில் அரோகரா போட்டது. எங்கள் பாத்திர ஸ்டாண்ட் அதிர்ந்தது. பக்கத்து மாடியிலிருந்து அண்ணாவின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவு கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்க முடியவில்லை. பொரி உருண்டை தொடாமல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை எந்த பைக் சத்தம் கேட்டாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸா, ஆட்களா, வீட்டு ஓனரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர், சொன்னேனே கேட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூட சண்டை போட்டு மனசை ஆற்றியிருப்பேன். அவர் அதையும் கேட்கவில்லை. பத்து மணி போல சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"இங்க வாங்க."

எப்போதும் அக்கா என்று சேர்த்துத்தான் கூப்பிடுவாள். அன்று சேர்க்கவில்லை. செருப்பைக் கூடப் போடாமல் போனேன்.

அண்ணா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டைப் பார்த்துக்கொண்டார். கொழுந்தன் ஊருக்குக் கிளம்புவதற்காக ஒரு பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பேசினார். ராத்திரி ரோட்டைத் திறந்துவிட்ட பிறகு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள்.

"சக்கரை குடுத்ததாலதான் ஆள் தப்பிச்சாருன்னு டாக்டரே சொன்னாரு. நீ சொன்னது சரிதாம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் காயிதமும் உன்னுதுதானே?"

"என்னுதுதாங்க" என்றேன்.

அக்கா டி.வி. ஸ்டாண்டின் மேலிருந்து கைப்பிரதியை எடுத்தாள். நாலாக மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. கொழுந்தனிடமிருந்து அவள்தான் வாங்கி வைத்திருக்க வேண்டும். அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீவினாள். அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன்.

"இத்தனை வருஷமா உங்களுக்கு எவ்வளவோ குடுத்திருக்கேன். எது படைச்சது, எது படைக்காததுன்னு சொல்லாம ஒரு தடவையாவது குடுத்திருக்கேனா? படைச்சத ஒரு துண்டு உள்ள வெச்சு மறைச்சுக் குடுத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? உங்க மனசு நோவக் கூடாதுன்னுதானே சாமிக்கு முன்னாடி உங்களுக்கு எடுத்து வெச்சேன்?"

கொழுந்தன் துணியோடு அப்படியே நிமிர்ந்தார். "இன்னா அண்ணி சொல்றீங்க? சாமிக்கு முன்னாடியா? நம்ம வீட்டுலயா?"

"ஆமா. சாமிக்கு முன்னாடிதான்" என்றாள் அவரைப் பார்க்காமலே. "அண்ணாமலையாருக்குத் தெரியும். அவர் என்னை ஒண்ணும் கேக்கல."

சாமி இலைக்கு முன்னால் உப்பு காரம் கூட ருசி பார்க்கக் கூடாத வீடு அது. அந்த வீட்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் யாருக்கும் தெரியாமல் அவள் எனக்கு எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் முழுசாக உறைத்தது. சுவரோரம் நின்று, "உங்களுக்கு முதல் பங்கு" என்று அவள் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் அழுதேன். கொழுந்தன் பார்க்கிறார் என்று கூட வெட்கப்படவில்லை.

அவள் அந்தத் தாளை என் கையில் வைத்தாள்.

"இப்ப குடுங்க. என்னன்னு சொல்லிக் குடுங்க."

கட்டிலில் அண்ணா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கொழுந்தன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கையாலும் அதை நீட்டினேன். "அக்கா, இது எங்க சாமியப் பத்தினது. எங்க பாஸ்டர் குடுக்கச் சொன்னாரு. நீங்களும் எங்க சாமிகிட்ட வரணும்னு எனக்கு ஆசை. அதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றேன். இனி இந்தக் கதவைச் சாத்தினால் சாத்தட்டும் என்று நின்றேன்.

அக்கா அதைத் தொடவில்லை.

"படைச்சத நீங்க வாங்க மாட்டீங்க இல்ல? அதே மாதிரிதான். எனக்கு வேணாங்க" என்றாள். அவள் குரலில் கோபம் போயிருந்தது. நான் முதல் வருஷம் அவளிடம் சொன்ன அதே வார்த்தை.

"சரிங்க" என்றேன். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நேத்து, என் உடம்புக்குத் தெரிஞ்சு சொல்றேன்னீங்களே, அத நம்பித்தான் குடுத்தேன். அது மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. காயிதத்துல இருக்கறது வேணாம். பாஸ்டர் சொன்னது வேணாம். உங்களுக்கே தெரிஞ்சது இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

நான் உட்கார்ந்தேன். மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்டவரை நான் திட்டியதையும் விடாமல் சொன்னேன். கொழுந்தன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரெண்டு தடவை சொன்னார், அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.